மெதுவாகப் பறக்கும் இறக்கை

இந்த மாத அறிவியல் பகுதிக்கு நான் எடுத்துக்கொண்டது, வீட்டிலேயே செய்யப்படும் சிறு விமானங்களின் இறக்கை. "விமானம்னா வேகமாத்தானே போகணும், மெதுவா போறதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு?" என்று கேட்பீர்கள். வேகமாகப் பறப்பதைவிட, விழாமல் மெதுவாகப் பறப்பதுதான் கஷ்டம். விமானியின் உயிரும் அதில்தான் இருக்கிறது.

வீட்டில் விமானமா?

ஆமாம். கேரளாவில் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த சஜி தாமஸ் என்பவருக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். சிறுவனாக இருந்தபோது ரப்பர் தோட்டத்துக்கு மருந்து அடிக்க வந்த ஹெலிகாப்டரைப் பார்த்து ஆசை வந்தது. பல வருடம் உழைத்து இரண்டு பேர் உட்காரும் சிறு விமானம் ஒன்றைத் தானே செய்தார். 2014-ல் அது நம் திருநெல்வேலி மாவட்டம் மணிமுத்தாறில் பறந்தது. ஓட்டியவர் விமானப்படையில் ஓய்வுபெற்ற எஸ்.கே.ஜே. நாயர். இப்படிச் சொந்தமாகச் செய்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி: "இது எவ்வளவு மெதுவாக இறங்கும்?"

ஏன் மெதுவாக இறங்க வேண்டும்?

இயக்க ஆற்றல் திசைவேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று படித்திருக்கிறோம். 100 கி.மீ. வேகத்தில் இறங்குவதற்குப் பதில் 50 கி.மீ. வேகத்தில் இறங்கினால், தரையில் மோதும் ஆற்றல் பாதி ஆகாது, கால் பங்கு ஆகிவிடும். நடுவானில் இன்ஜின் நின்றுபோனால் ஒரு சின்ன வயல் போதும். அமெரிக்காவில் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டக்கூடிய ஒற்றை இருக்கை விமானத்துக்குச் சட்டத்திலேயே ஒரு வரம்பு இருக்கிறது. இன்ஜின் இல்லாமல் அது தாக்குப்பிடிக்கும் குறைந்தபட்ச வேகம் 24 நாட், அதாவது மணிக்குச் சுமார் 44 கி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது.

ஸ்டால் என்றால் என்ன?

இறக்கையின் தூக்குவிசை நான்கு விஷயங்களைச் சார்ந்தது: காற்றின் அடர்த்தி, இறக்கையின் பரப்பு, வேகத்தின் வர்க்கம், இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம். வேகம் குறையக் குறைய, விமானி மூக்கைத் தூக்கிக் கோணத்தைக் கூட்டுவார். ஆனால் சுமார் 15 டிகிரிக்கு மேல் போனால் சாதாரண இறக்கை கைவிட்டுவிடும். இதைத்தான் ஸ்டால் என்கிறார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தாலும் விமானம் விழும்.

காரணம் இது. இறக்கையை ஒட்டி ஓடும் காற்று உராய்வால் களைத்துப்போகிறது. மேற்பரப்பின் பின்பாதியில் அழுத்தம் கூடிக்கொண்டே போவதால், அந்தக் காற்றுக்கு அது மேடு ஏறுவது மாதிரி. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் பழைய லாரி பாதியில் திணறி நின்றுவிடுகிறதல்லவா, அதே கதைதான். காற்று ஒட்டாமல் பிரிந்து, பின்னால் சுழலாக அலைகிறது.

நாங்கள் செய்து பார்த்தது

ஒரு மேஜை விசிறி, வளைத்து ஒட்டிய அட்டை இறக்கை, கம்பளி நூல் துண்டுகள், பாகைமானி. இவ்வளவுதான். விசிறிக் காற்று சுழன்று வரும். நேராக வர நிறையக் குழல்கள் வேண்டும். நீலகிரியில் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல் கிடையாதே! பழைய நோட்டுத் தாளைச் சுருட்டி அடுக்கிவைத்தோம். இறக்கையின் மேல் நூல்களை ஒட்டிக் கோணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். 12 டிகிரி வாக்கில் பின்பக்க நூல்கள் துடிக்க ஆரம்பித்தன, சில முன்பக்கமாகவே திரும்பின. பிறகு முன்விளிம்புக்கு முன்னால் சின்ன இடுக்கு விட்டு ஒரு அட்டைப் பட்டையை ஒட்டினோம். இப்போது 18 டிகிரி வரை நூல்கள் அமைதியாகப் படுத்திருந்தன.

இறக்கையில் செய்யும் மாற்றங்கள்

1. பரப்பைக் கூட்டுதல்: பெரிய இறக்கை குறைந்த வேகத்திலேயே தூக்கும். ஆனால் எடை கூடும். காற்றடித்தால் ஊஞ்சல் மாதிரி ஆடும்.

2. பிளாப்: இறக்கையின் பின்பகுதியைக் கீழே மடக்குவது. வளைவு கூடுவதால் தூக்குவிசை கூடும். காற்றின் தடையும் கூடும். இறங்கும்போது அது நல்லதே.

3. ஸ்லாட்: முன்விளிம்புக்கு முன்னால் இடுக்கு விட்டு வைக்கும் பட்டை. இடுக்கு வழியாகப் புதுக் காற்று பாய்ந்து, களைத்த காற்றைப் பின்னாலிருந்து தள்ளிவிடும். ஜெர்மன் விமானி லாக்மன் 1917-ல் ஸ்டாலாகி விழுந்து, மருத்துவமனையில் படுத்திருந்தபோது யோசித்தது இது. 1918-ல் காப்புரிமை கேட்டார், முதலில் மறுத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் ஹேண்ட்லி பேஜும் தனியாக இதையே கண்டுபிடித்தார். பிற்பாடு இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். கிறிஸ் ஹைன்ட்ஸ் 1986-ல் வெளியிட்ட செனித் சிஎச் 701, வீட்டில் செய்வதற்கென்றே வடிவமைத்த விமானம். இதில் இறக்கை முழு நீளத்துக்கும் ஸ்லாட் உண்டு.

4. சுழல் தகடு: விரல் நகம் அளவுத் தகடுகளை, முன்விளிம்புக்குச் சற்றுப் பின்னால், சாய்வாக வரிசையாக ஒட்டுவது. ஒவ்வொன்றும் ஒரு குட்டிச் சுழலை உண்டாக்கி, மேலே ஓடும் வேகமான காற்றைக் கீழே கலக்கிவிடும். ஸ்லாட் பயணத்தின்போது இழுத்துப் பிடிக்கும்; தகடு அவ்வளவு இழுக்காது. அதனால்தான் இத்தாலியின் சாவன்னா விமானத்தில் 'விஜி' என்ற வகைக்கு ஸ்லாட்டை எடுத்துவிட்டு இந்தத் தகடுகளை வைத்தார்கள்.

5. முறுக்கு: இறக்கையின் நுனியைக் கொஞ்சம் கீழ்நோக்கி முறுக்கிக் கட்டுவது. இதனால் ஸ்டால் உடலை ஒட்டிய பகுதியில் முதலில் வரும். நுனியில் கடைசியாக வரும். விமானத்தைச் சாயவிடாமல் பிடிக்கும் மடிப்புகள் நுனியில்தான் இருக்கின்றன, அதனால் கட்டுப்பாடு கையில் இருக்கும்.

நம் மலையில் என்ன ஆகும்?

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடச் சுமார் 20 சதவீதம் குறைவு. கடற்கரையில் 60 கி.மீ. வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம் ஊட்டியில் 67 கி.மீ. வேகத்திலேயே ஆகிவிடும். இறங்கி ஓடும் தூரம் கிட்டத்தட்ட கால் பங்கு நீளும். நீலகிரியிலோ விமான நிலையமே இல்லை. சமதளம் கிடைப்பதும் அரிது. ஆக, மலை நாட்டில்தான் மெதுவான இறக்கை அதிகம் தேவை.

பறவைகள் முந்திவிட்டன

நம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பறக்கும் வெண்முதுகுப் பாறுவை அண்ணாந்து பாருங்கள். இறக்கை நுனியில் இறகுகள் விரல் மாதிரி பிரிந்திருக்கும். நுனியில் உண்டாகும் சுழலால் வரும் இழுப்பை அது குறைக்கிறது. காகம் மதில்மேல் உட்கார வரும்போது இன்னும் கவனியுங்கள். இறக்கையின் முன்விளிம்பில் கட்டைவிரல் மாதிரி ஒரு சின்ன இறகுக் கொத்து எழும்பும். அதுதான் காகத்தின் ஸ்லாட்! வேகமாகப் பறக்கும்போது அதை மடக்கிக்கொள்ளும்.

எச்சரிக்கை

எந்த மாற்றமும் இலவசம் இல்லை. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். அதனால் விமானம் செய்பவர்கள் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்வார்கள். விழுந்தாலும் நிமிர்த்த இடம் இருக்கும் உயரத்துக்குப் போய்ச் சோதித்த பிறகுதான் அதை நம்பித் தரையிறங்குவார்கள். நம் நாட்டில் இப்படிப் பறக்க விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதியும் வேண்டும். நாம் அட்டையும் விசிறியுமாகச் செய்து பார்ப்போம், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்!

யோசிக்க இரண்டு கேள்விகள்

அ) 60 கி.மீ. வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானத்தில் எடை மாறாமல் இறக்கைப் பரப்பை இரண்டு மடங்காக்கினால், ஸ்டால் வேகம் என்ன?

ஆ) பரப்பு மாறாமல் எடை இரண்டு மடங்கானால்?

(விடை: அ) சுமார் 42 கி.மீ. ஆ) சுமார் 85 கி.மீ. எப்படி என்று கணக்கு நோட்டில் போட்டுப் பாருங்கள்.)