ஸ்டோரேஜுக்கென்று தனி ஆட்கள்

டேட்டாபேஸ் மந்தமாக ஓடுகிறது என்று டிபிஏ டிக்கெட் போடுவார். சிபியு சும்மாதான் இருக்கிறது என்பார்கள் சர்வர் குழுவினர். நெட்வொர்க்கில் எல்லா லிங்க்கும் பச்சை. மூவர் சொல்வதும் உண்மைதான். ஆனாலும் மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு ஓடி முடிவதற்குள் விடிந்துவிடும். தரவு இருக்கும் வட்டுகளை மட்டும் யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சென்னையில் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் ஐ.டி. பிரிவில் ஸ்டோரேஜ் குழுவைக் கட்டி நடத்தி வருகிறேன். ஸ்டோரேஜை சர்வர் குழுவின் தலையில் கூடுதல் வேலையாகச் சுமத்தியிருப்பவர்களிடம் நான் வற்புறுத்துவது இதைத்தான்: அதற்கென்று ஆள் போடுங்கள். கேட்டவர்களுக்கு வட்டில் இடம் (எங்கள் மொழியில் லன்) ஒதுக்கித் தருவது இந்த வேலையில் சிறு பங்கு. மீதியெல்லாம் யாரும் வந்து அவசரப்படுத்தாத வேலைகள். வேறு பொறுப்பு உள்ளவர் அவற்றைத் தள்ளிப்போடத்தான் செய்வார்.

ஃபர்ம்வேரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதன் குறிப்பிட்ட சில எஸ்எஸ்டி வட்டுகள் 32,768 மணி நேரம் ஓடியதும் செயலிழந்துவிடும் என்றது. அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். போன வட்டும் திரும்பாது, அதிலிருந்த தரவும் திரும்பாது. ரெய்டு இருக்கிறதே என்று தோன்றும். ரெய்டு 6 இரண்டு வட்டுகள் போகும்வரை தாங்கும். ஒரே நாளில் மாட்டிய வட்டுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போனால் அதனாலும் ஒன்றும் செய்ய முடியாது. பரிகாரம் எளிது, புது ஃபர்ம்வேரை ஏற்ற வேண்டும். ஆனால் அந்த அறிவிப்பைப் படித்து, நம்மிடமுள்ள மாடல் எண்களோடு ஒத்துப்பார்த்து, சேஞ்ச் டிக்கெட் எழுதி, ஞாயிற்றுக்கிழமை இரவு உட்கார்ந்து ஏற்ற ஒருவர் வேண்டுமே. எங்கள் குழுவில் வாரத்தில் ஒரு காலைப்பொழுதை வெண்டர் அறிவிப்புகளுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம்.

ஆள் எடுக்கும்போது வெண்டர் சான்றிதழைக் கடைசியில்தான் பார்ப்பேன். ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்பேன்: "இந்த லன் இனி வேண்டாம், அழித்துவிடுங்கள் என்று அப்ளிகேஷன் குழுவிடமிருந்து மெயில் வருகிறது. என்ன செய்வீர்கள்?" பலர் கமாண்டை மளமளவென்று ஒப்பிப்பார்கள். எனக்கு வேண்டியவர், அதில் இன்னும் எழுத்தும் வாசிப்பும் நடக்கிறதா என்று முதலில் பார்ப்பார். எந்த சர்வரோடு இணைந்திருக்கிறது, கடைசி பேக்கப் எப்போது என்று விசாரிப்பார். அதன்பிறகும் அழிக்காமல், மேப்பிங்கை மட்டும் எடுத்துவிட்டுக் காத்திருப்பார். இரவு ஷிஃப்டில் பேக்கப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர், "ஒரு மாதக் கடைசி தாண்டட்டும் சார், அப்போ மட்டும் ஓடுற ஜாப் ஏதாவது இருக்கும்" என்றார். அவரை அன்றே எடுத்துக்கொண்டேன். பேக்கப் ஆபரேட்டர்களை ஐ.டி. உலகம் குறைத்தே எடைபோடுகிறது. எங்கே எது உடையும் என்பதை இரவெல்லாம் விழித்திருந்து பார்த்தவர்கள் அவர்கள்.

புதிதாகச் சேருபவருக்கு முதல் வாரத்தில் கிட்லேப் நிறுவனத்தின் அறிக்கையை வாசிக்கக் கொடுக்கிறேன். 2017 ஜனவரி 31 அன்று அங்கே தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புகள் அழிக்கப்பட்டன. பேக்கப்பைத் தேடினால், தினசரி வேலை சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது தெரியவந்தது. தோல்வியைச் சொல்லும் மெயில்களும் போய்ச் சேரவில்லை. சுமார் 6 மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் கைகொடுத்தது. அந்நிறுவனம் எதையும் மறைக்காமல் எழுதி வெளியிட்டது பெரிய விஷயம்.

அதனால் பேக்கப் ஜாப் பச்சையாக இருப்பதை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. வாரம் ஒரு சிஸ்டத்தைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்து, தனி சர்வரில் ரெஸ்டோர் செய்கிறோம். டிபிஏ திறந்து பார்ப்பார். கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, அந்த பேக்கப் எடுத்த நாளின் கடைசி இன்வாய்ஸ் எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவார். பேக்கப்பை அழிக்கும் உரிமையை ஒரே ஆளிடம் விடாதீர்கள். ரான்சம்வேர் ஆட்கள் அட்மின் பாஸ்வேர்டைப் பிடித்ததும் பேக்கப்பைத்தான் தேடுகிறார்கள். யாராலும் மாற்ற முடியாதபடி பூட்டிய ஒரு பிரதி கட்டாயம் வேண்டும்.

ஆடிட், சட்டப் பிரிவுக் கூட்டங்களில் குழுவிலிருந்து ஒருவர் உட்கார வேண்டும். சிஸ்டம் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் உத்தரவிட்டது. அதற்கு எத்தனை டெராபைட் கூடும் என்ற கணக்கை அங்கே வேறு யாரும் போடமாட்டார்கள்.

இரவு ஆன்-காலுக்கு நான்கு பேராவது மாறி மாறி வேண்டும். இரண்டே பேரை வைத்து இழுத்தால், இருப்பதில் நல்லவர்தான் முதலில் பேப்பர் போடுவார். சிறிய நிறுவனம் என்றால் இரண்டு பேரை முழுநேரமாக வைத்து, ஆன்-காலை மட்டும் சர்வர் குழுவோடு பகிர்ந்துகொள்ளலாம். எல்லாம் கிளவுடுக்குப் போனாலும் ரெஸ்டோர் சோதனையும் உரிமைப் பங்கீடும் அப்படியே இருக்கின்றன. கூடவே மாதாந்திர பில்லையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்ரைசல் நேரத்தில் இவர்களுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது, அசம்பாவிதம் நடக்கவில்லை என்பதைத் தவிர. அதற்காகவே ஆண்டு முழுவதும் ஒரு பதிவேடு வைக்கச் சொல்கிறேன். வெற்றி பெற்ற ரெஸ்டோர்கள், தோற்றுச் சரிசெய்த ரெஸ்டோர்கள், முன்கூட்டியே ஏற்றிய ஃபர்ம்வேர்கள், மீட்ட இடம் எல்லாம் பெயரோடு அதில் ஏறும். மதிப்பெண் போடும் மேலாளர் மேஜைக்கு அதை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். எத்தனை புது லன் கொடுத்தார்கள் என்ற கணக்கை அதில் சேர்ப்பதில்லை.