காதுக்குள் ஒரு தறி

மகாராஷ்டிரா மாநிலத்தில் பிவண்டி என்ற ஊர் உள்ளது. அங்கே லட்சக்கணக்கான விசைத்தறிகள் ஓடுகின்றன. தறிக்கூடத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமா? கத்தித்தான் பேச வேண்டும்.

அங்கே 25 வருடமாகத் தறி ஓட்டும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் இரவு மின்சாரம் நின்றது. எல்லாத் தறிகளும் நின்றன. எங்கும் அமைதி. அவர் மனைவியை எழுப்பினார்.

"இந்த நேரத்தில் எங்கே தறி ஓடுகிறது?"

"கரண்டே இல்லைங்க. எந்தத் தறி ஓடும்?"

"எனக்குக் கேட்கிறதே!"

மறுநாளும் கேட்டது. தூக்கம் போயிற்று. காதில் எண்ணெய் விடச் சொன்னார் ஒருவர். பேய் பிடித்திருக்கிறது என்றார் இன்னொருவர். பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்று அவர் பயந்தார். வெளியே சொல்வதை நிறுத்திவிட்டார். கடைசியில் அவர் மகன் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான்.

டாக்டர் அம்மா காதைச் சோதித்தார். பிறகு சொன்னார்:

"ஐயா, இது பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. இதற்குக் காதிரைச்சல் என்று பெயர். நம் உள்காதில் நத்தை ஓடு போல ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் மயிரிழை போன்ற நுண்ணிய செல்கள் சுமார் 15,000 உண்டு. இவைதான் ஒலியை மூளைக்கு அனுப்புகின்றன. தறிச் சத்தத்தால் உங்களுக்குப் பல செல்கள் செத்துவிட்டன. அவை மீண்டும் முளைக்காது."

"அப்படியானால் இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது, அம்மா?"

"ரேடியோவில் நிலையம் சரியாக எடுக்கவில்லை என்றால் சத்தத்தைக் கூட்டுவீர்கள். பாட்டு வராது. இரைச்சல்தான் கூடும். மூளையும் அப்படித்தான். காதிலிருந்து ஒலி வருவது குறைந்தால், தானே கூட்டி வைத்துக் கேட்கிறது. காலை இழந்தவருக்கு இல்லாத காலில் வலி தெரிவது போல இது. சிலருக்குச் சில்வண்டு சத்தம் கேட்கும். காது மந்தமான முதியவர்கள் சிலருக்குப் பாட்டே கேட்கும்."

"மருந்து உண்டா?"

"அடியோடு நிறுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் நிம்மதியாக வாழலாம். உங்கள் இடுப்பில் அரைஞாண் கயிறு இருக்கிறது. அது நாள் முழுதும் நினைவில் இருக்கிறதா? பழகியதை மூளை ஒதுக்கிவிடும். ஆபத்து என்று பயந்தால்தான் ஒதுக்காது."

என்ன செய்யலாம்?

• முழு அமைதியில் படுக்காதீர்கள். மின்விசிறியோ, மெல்லிய ரேடியோவோ ஓடட்டும்.

• காது மந்தமானால் காதுக் கருவி வையுங்கள். வெளிச் சத்தம் நன்றாகக் கேட்டால், பலருக்கு உள் சத்தம் அடங்கும்.

• காதில் எண்ணெய் விடாதீர்கள். குச்சி போடாதீர்கள்.

• மனம் சோர்ந்தால் மறைக்காதீர்கள். வீட்டாரிடமும் டாக்டரிடமும் சொல்லுங்கள்.

உடனே டாக்டரிடம் போங்கள்

• திடீரென்று காது கேட்காமல் போனால். ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

• ஒரு காதில் மட்டும் சத்தம் கேட்டால்.

• நாடித் துடிப்போடு சேர்ந்து சத்தம் கேட்டால்.

• தலைசுற்றல், காதில் சீழ், முகம் கோணுதல் இருந்தால்.

சில மாதங்கள் போயின. அவருக்குச் சத்தம் நிற்கவில்லை. ஆனால் பயம் போய்விட்டது. தூக்கம் வந்துவிட்டது. இப்போது அவருக்கு வேறு கவலை. மகனும் அதே கூடத்தில்தான் தறி ஓட்டுகிறான்.

"காதில் பஞ்சு வைத்தால் போதுமா, அம்மா?" என்று டாக்டரிடம் கேட்டார்.

"போதாது. சரியான காதடைப்பான் வேண்டும். ஒலியை டெசிபல் என்ற அளவால் அளக்கிறார்கள். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். 85 டெசிபலுக்கு மேல் தினமும் 8 மணி நேரம் கேட்டால் காது கெடும். கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடம் காதுக்கு ஆபத்து."

இரைச்சலால் காது கெடுவது தொழில் நோய் என்று சட்டமும் ஏற்றுள்ளது. அதனால் காதடைப்பான் கேட்பது நம் உரிமை. மறுநாள் அப்பாவும் மகனும் சேர்ந்தே போய் முதலாளியிடம் கேட்டார்கள்.

பேசிப் பார்ப்போம்

1. இல்லாத சத்தம் ஏன் கேட்கிறது?

2. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் கத்திப் பேச வேண்டியிருக்கிறதா?

3. அங்கே காதைக் காக்க என்ன வழி உண்டு?