தொடர்பாடல் தடைகள்: வானில் நிகழ்ந்த ஒரு சம்பவக் கற்கை

பாடம்: தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் (க.பொ.த. சாதாரண தரம்)
அலகு: தொடர்பாடற் செயன்முறையும் தடைகளும்



"தொடர்பாடல் தடைகளை உதாரணங்களுடன் விளக்குக" என்று கேட்டால், உங்களிற் பலர் "இரைச்சல், மொழி, மனநிலை" என்று மூன்று சொற்களை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறீர்கள். உதாரணம் இல்லாத விடை முழுமையான விடை அல்ல. ஒருமுறை படித்தால் மறக்காத உதாரணம் ஒன்றை இப்பாடத்திற் பார்ப்போம்.

கொட்டியாரக் குடாவில் இரண்டு வள்ளங்கள் தூர நிற்கும்போது, கூப்பிடும் குரல் காற்றில் அடிபட்டுப் போவதை நீங்கள் அறிவீர்கள். அப்போது கையைக் காட்டி மறுபடி கேட்கலாம். வள்ளத்தை நிறுத்தியும் கேட்கலாம். ஆனால் குடாவின் மறுகரையில் சீனன்குடாவில் இறங்க வரும் விமானத்தை வானில் நிறுத்தி வைத்துப் பேச முடியாது. விமானிக்கும் தரையிலுள்ள வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருக்கும் இடையில் இருப்பது பெரும்பாலும் குரல் ஒன்றுதான்.

1. சம்பவம்

1996 நவம்பர் 12ஆந் திகதி மாலை, சவூதி அரேபிய விமான சேவையின் போயிங் 747 விமானம் டில்லியிலிருந்து புறப்பட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதே வேளையில் கஸகஸ்தான் விமான சேவையின் இலியூஷின்-76 விமானம் டில்லியில் இறங்குவதற்காக எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தது. வருவதற்கும் போவதற்கும் அப்போது ஒரே வான்பாதையே இருந்தது.

கட்டுப்பாட்டாளர் சவூதி விமானத்தை 14,000 அடி உயரத்திலும், கஸகஸ்தான் விமானத்தை 15,000 அடி உயரத்திலும் நிற்கும்படி பணித்தார். இடைவெளி 1,000 அடி. எதிரே ஒரு விமானம் வருகிறது என்பதையும் அதன் உயரத்தையும் கஸகஸ்தான் விமானத்துக்கு அறிவித்தார். அந்த விமானமோ 15,000 அடியில் நிற்காமல் மேலும் கீழே இறங்கியது. ஹரியானா மாநிலத்தின் சர்க்கி தாத்ரி என்னும் ஊருக்கு மேலே இரண்டும் மோதின. சவூதி விமானத்தில் 312 பேரும் மற்றையதில் 37 பேருமாக 349 பேரும் உயிரிழந்தனர். வானில் இரு விமானங்கள் மோதிய விபத்துக்களில் மிகக் கூடுதலான உயிர்களைப் பலிகொண்டது இதுவே.

2. பகுப்பாய்வு

நீதிபதி லகோத்தி தலைமையிலான விசாரணை, கஸகஸ்தான் விமானம் தனக்குரிய உயரத்தை விட்டு இறங்கியதே காரணம் எனக் கண்டது. ஏன் இறங்கியது? தொடர்பாடற் கண்கொண்டு பாருங்கள்.

(அ) மொழித்தடை: விமானிகளின் ஆங்கில அறிவு போதுமானதாக இருக்கவில்லை. கோபுரத்துடன் பேசியவர் விமானத்திலிருந்த வானொலி இயக்குநர். செய்தி நேரே விமானியைச் சென்றடையாமல் இன்னொருவர் வழியாகவே சென்றது.

(ஆ) பௌதிகத் தடை: அந்த இயக்குநரின் இருக்கையில் உயரமானி இல்லை. விமானிகளின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தே அவர் உயரத்தை அறிய வேண்டியிருந்தது.

(இ) பின்னூட்டற் குறைபாடு: 15,000 அடியை அடைந்துவிட்டதாக விமானத்திலிருந்து பதில் வந்தது. உண்மையில் அது இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. டில்லியின் அன்றைய ராடார் விமானத்தின் உயரத்தைக் காட்டாது. ஆகவே கட்டுப்பாட்டாளருக்கு அந்தப் பதிலைச் சரிபார்க்க வழியிருக்கவில்லை.

3. ஒப்பீட்டுக்கு இன்னொரு சம்பவம்

1977 மார்ச் 27இல் ஸ்பெயினுக்குரிய தெனெரீஃப் தீவின் விமான நிலையத்தில் கடும் பனிமூட்டம். ஒல்லாந்தின் கே.எல்.எம். விமானம் ஓடத் தொடங்கியதும், "இப்போது புறப்பாட்டில் இருக்கிறோம்" என்ற கருத்தில் அதன் துணை விமானி அறிவித்தார். புறப்படும் இடத்தில் காத்து நிற்கிறார்கள் என விளங்கிக்கொண்ட கட்டுப்பாட்டாளர் "ஓகே" என்றார். தொடர்ந்து அவர் காத்திருக்கச் சொன்ன அதே கணத்தில், தாம் இன்னும் ஓடுபாதையில் இருப்பதாக அமெரிக்காவின் பான் ஆம் விமானமும் பேசியது. இரண்டு குரலும் ஒன்றையொன்று மறைத்தன. கே.எல்.எம். விமானிகளுக்குக் கேட்டது ஒரு கீச்சொலி மாத்திரமே. மோதலில் 583 பேர் மாண்டனர்.

இங்கு கருத்து மயக்கமும் இரைச்சலும் ஒருங்கே தொழிற்பட்டதைக் கவனிக்கவும்.

4. மேற்கொள்ளப்பட்ட திருத்தங்கள்

• "டேக் ஓஃப்" என்ற சொல், புறப்பட அனுமதி கொடுக்கவும் அதை இரத்துச் செய்யவும் மாத்திரமே பயன்படும். ஏனைய வேளைகளில் "டிபார்ச்சர்" எனப்படும்.
• உயரம், ஓடுபாதை முதலியவை பற்றிய பணிப்புகளை விமானி மீளச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டாளர் அதைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.
• "ரொஜர்" என்றால் செய்தி கிடைத்தது என்பது மட்டுமே. "வில்கோ" என்றால் விளங்கியது, அவ்வாறே செய்வேன் என்பதாகும்.
• சர்வதேசப் பறப்புகளில் ஈடுபடும் விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் ஆறு படிகளுள் நான்காம் படி அளவிலேனும் மொழித்தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்ற விதி 2008 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது.
• டில்லியில் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் வெவ்வேறு வான்பாதைகள் வகுக்கப்பட்டன. விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவி இந்தியாவிற் கட்டாயமாக்கப்பட்டது.

5. நமக்குரிய பாடம்

வகுப்பில் "விளங்கினதா?" என்று கேட்டால் எல்லோரும் "ஓம்" என்கிறீர்கள். அந்த "ஓம்" பெரும்பாலும் "ரொஜர்" தான், "வில்கோ" அல்ல. காதில் விழுந்ததையும் விளங்கியதையும் ஒன்றாக எண்ணாதீர்கள். விளங்காவிட்டால் திருப்பிக் கேட்பது வெட்கமல்ல. பல்லாயிரம் மணிநேரம் பறந்த விமானியும் சொன்னதைத் திருப்பிச் சொல்லியே உறுதிப்படுத்துகிறார். வைத்தியர் மருந்து சொல்லும்போதும், வீட்டில் ஒரு பொறுப்பைத் தரும்போதும் இதையே செய்து பாருங்கள்.

நினைவிற் கொள்க: செய்தி அனுப்பப்பட்டதும் தொடர்பாடல் முடிவதில்லை. அனுப்புநர் கருதிய பொருளைப் பெறுநரும் கொண்டார் என்பதைப் பின்னூட்டல் உறுதிசெய்யும்போதே அது நிறைவுபெறுகிறது.

பயிற்சி வினாக்கள்

1. சர்க்கி தாத்ரி சம்பவத்தில் அனுப்புநர், பெறுநர், செய்தி, ஊடகம் ஆகியவற்றை இனங்காண்க.
2. "ரொஜர்", "வில்கோ" ஆகியவற்றின் வேறுபாட்டை விளக்குக.
3. தெனெரீஃப் விபத்தில் தொழிற்பட்ட இரு தடைகளை எழுதுக.
4. பின்னூட்டல் பிழையானால் ஏற்படும் விளைவை, உமது ஊரில் கண்ட ஓர் உதாரணத்துடன் விளக்குக.

விடைக்குறிப்பு (வினா 3): ஒரே சொற்றொடரை இருவர் இரு பொருளில் விளங்கிக்கொண்டமை கருத்துத் தடை. இரு குரல்கள் ஒரே கணத்தில் ஒலித்துச் செய்தி மறைந்தமை இரைச்சல். தடையின் பெயரை முதலில் எழுதி, சம்பவத்தை அடுத்து எழுதுக.