உண்ணிக் காய்ச்சல்: தாய்வீட்டுச் சீதனமாக வரும் கிருமி

காய்ச்சல் என்று வைத்தியரிடம் போகிறீர்கள். நாக்கை நீட்டச் சொல்வார், நாடி பார்ப்பார். அக்குளையும், பாவாடை நாடா கட்டுகிற இடுப்பையும் பாருங்கள் என்று யாராவது சொன்னதுண்டா? ஐப்பசி தொடங்கி மாசி வரைக்கும் காய்ச்சலோடு வருகிற எல்லாரிடமும் நான் சொல்கிறேன். எங்கள் தேவதானம் மலையடிவாரத்து ஊர். வயல், வரப்பு, மாந்தோப்பு, அதைத் தாண்டினால் புதர்க்காடு. உண்ணிக் காய்ச்சலுக்குத் தோதான இடம். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'ஸ்க்ரப் டைபஸ்' என்று எழுதுவது இதைத்தான்.

பட்டணத்துக்காரர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். 2024-25 மழைக்காலத்தை ஒட்டி, இந்தக் காய்ச்சல் கூடுகிறது என்று தமிழகப் பொது சுகாதாரத் துறை எச்சரித்தபோது, அந்த மாவட்டப் பட்டியலில் சென்னையும் இருந்தது.

பெயர்தான் உண்ணி. மாட்டின் மேல் ஒட்டி உப்பிக் கிடக்குமே, அது அல்ல. அதற்குத் தூரத்து உறவு. மண்ணில் வாழும் ஒரு சிறு பூச்சியின் குஞ்சு. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். வளர்ந்த பூச்சி நம்மைத் தொடுவதில்லை. குஞ்சுப் பருவத்தில் ஒரே ஒரு தடவை மட்டும் எலியையோ மனிதரையோ கடித்துத் திசுநீரை உறிஞ்சும். ரத்தம்கூட அதற்கு வேண்டாம்.

சரி, வாழ்நாளில் ஒரே தடவை கடிக்கிற ஜீவனுக்குக் கிருமி எங்கிருந்து வந்தது? கொசு என்றால் ஒருவரிடம் வாங்கி இன்னொருவருக்குக் கொடுக்கும். இது தாயிடமிருந்தே வாங்கி வருகிறது! 'ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி' என்கிற பாக்டீரியா தாய்ப்பூச்சியின் செல்களுக்குள்ளேயே குடியிருக்கிறது. சினைப்பைக்குள் புகுந்து முட்டையில் ஏறிக்கொள்கிறது. பொரிந்து வரும் குஞ்சின் உமிழ்நீர்ச் சுரப்பியில் தயாராக உட்கார்ந்திருக்கிறது. அந்தக் குஞ்சு தாயானால் அதன் பிள்ளைக்கும் அதே சீதனம். சில இனங்களில், கிருமி உள்ள தாய்க்குப் பிறப்பவை பெரும்பாலும் பெண் குஞ்சுகளே. கிருமிக்கு அதுதானே லாபம்? ஆண் முட்டையிடாதே! ஆக, எலியை மட்டும் ஒழித்துப் பயனில்லை. கிருமியின் பத்தாயம் அந்தப் பூச்சிதான்.

கடி வலிக்காது. ஆறு நாள் முதல் மூன்று வாரத்துக்குள் கடும் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு. எல்லாருக்கும் வராது, வந்தால் அதுவே பெரிய சாட்சி. அரிக்காது, வலிக்காது என்பதால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடி என்று மறைவாக இருக்கும். "அது ஏதோ கட்டி உடைஞ்சது அய்யா" என்று பெண்கள் கூச்சப்பட்டு மூடிவிடுவார்கள். "இருக்கட்டும் தாயி, உங்க மகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க" என்பேன். எண்வகைத் தேர்வில் ஸ்பரிசமும் நிறமும் சும்மாவா வைத்தார்கள்?

நம் உடம்பிலும் இந்தக் கிருமி ரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்களுக்குள் புகுந்து ஒளிந்துகொள்கிறது. பென்சிலின் வகை மருந்துகளுக்கு மசியாது. டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் வேண்டும். காலத்தோடு கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும், உயிரே போகலாம். நோய் முற்றியவர்களுக்கு இரண்டு மருந்தையும் சேர்த்து நரம்பில் ஏற்றுவது மேல் என்று, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான ஆய்வு காட்டியது.

நிலவேம்புக் குடிநீர் கொடுக்கிற கைதான் என் கை. ஆனாலும் அந்தப் பொருக்கைப் பார்த்துவிட்டால் கஷாயம் காய்ச்சிக்கொண்டு உட்கார மாட்டேன். அன்றைக்கே ராஜபாளையம் அரசு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிவிடுவேன். கர்ப்பிணி என்றால் அதையும் சீட்டில் குறிப்பேன். மருந்து அதற்குத் தக்கபடி மாறும்.

துவைத்த துணியைப் புல்லிலும் புதரிலும் காயப்போடாதீர்கள். விஷ ஆடையிலிருந்து பாண்டியனைக் காத்த 'நச்சாடை தவிர்த்தவர்' கோயில் கொண்ட ஊரில் இதை நான் சொல்லணுமா! புல் அறுக்க, விறகு பொறுக்கப் போகிறவர்கள் முழுக்கைச் சட்டை போட்டுப் போங்கள். சாஸ்தா கோயில் பக்கம் குளித்துச் சாப்பிட்டு வர வண்டி கட்டிப் போகிறவர்களும் வெறும் புல்லில் படுக்காமல் பாய் விரியுங்கள். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, போட்டிருந்த துணியை வெந்நீரில் போடுங்கள். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே, "காட்டுப் பக்கம் போயிருந்தேன்" என்று சொல்லிவிடுங்கள்.