கேட்டலும் ஒரு கல்வியே



திருவள்ளுவர் ‘கல்வி’ என்றோர் அதிகாரம் வகுத்தார். அடுத்துக் ‘கல்லாமை’ என்றோர் அதிகாரம் வகுத்தார். அதற்கும் அடுத்து, 42-ஆம் அதிகாரமாகக் ‘கேள்வி’யை வைத்தார். எழுத்தறியும் வாய்ப்புக் கிட்டாதவரும் செவி வழியே அறிவு பெறலாம் என்பதை இந்த வரிசையே நமக்குச் சொல்கிறது அன்றோ? வகுப்பறையில் மனப்பாடம் செய்தபோது இது எங்களுக்கு விளங்கவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் விளங்கியது.

காலாண்டு விடுமுறைக்கு முன் எங்கள் தமிழாசிரியை, “ஒவ்வொருவரும் வீட்டில் உள்ள பெரியவர் ஒருவருக்கு ஒரு கதையை வாசித்துக் காட்டி வாருங்கள்” என்று பணித்தார்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது ‘பரமார்த்த குருவின் கதை’. இதனை எழுதியவர் வீரமாமுனிவர். 1680-இல் இத்தாலி நாட்டில் பிறந்து, தமிழகம் வந்து, ‘தேம்பாவணி’ பாடிய அதே முனிவர்தான். அவர் வாழ்ந்து, அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பிய ஏலாக்குறிச்சி, நம் பக்கத்திலேயே கொள்ளிடத்துக்கு அக்கரையில் இருக்கிறது. இக்கதை அவர் மறைந்து பல்லாண்டுகள் கழித்து, 1822-இல் லண்டன் மாநகரில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சாயிற்று.

எங்கள் அப்பாயிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுத்தான். நடவிலும் களையெடுப்பிலும் கழிந்த வாழ்க்கை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் நானும் தங்கையுமாகத் திண்ணையில் அமர்ந்து வாசிக்கத் தொடங்கினோம். பத்தே நிமிடத்தில் முதற்கதை முடிந்தது. அப்பாயி சிரிக்கவேயில்லை. “கண்ணு, ரயிலு மாதிரி ஓடுறியே! ஆறு எங்கே, ஆளு எங்கேன்னு எனக்கு ஒண்ணும் தெரியலையே” என்றார்கள். எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் ஆசிரியையிடம் சொன்னோம். அவர்கள் ஒரு செய்தி சொன்னார்கள். பழைய நாளில் எகரக் குறிலுக்கும் ஒகரக் குறிலுக்கும் மேலே புள்ளி வைப்பார்கள். நெடிலுக்குப் புள்ளி இல்லை. ஓலையில் எழுதுவோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிடுவார்கள். அதனால் ‘எரி’யா ‘ஏரி’யா, ‘கொடு’வா ‘கோடு’வா என்று இடம் பார்த்தே அறிய வேண்டியிருந்தது. இந்தக் குழப்பம் நீங்க, நெடிலுக்குத் தனி வடிவம் தந்தவர் வீரமாமுனிவர். நாம் இன்று கொம்பின் மேலே சுழித்து ‘கே’, ‘கோ’ என்று எழுதுவது அந்த வழியில் வந்ததே. “படிப்பவர் தடுமாறக் கூடாது என்று ஒரு சுழியில் அவர் அத்தனை அக்கறை காட்டினார், அவர் கதையை நீங்கள் ஒரே மூச்சில் விழுங்கலாமா?” என்று கேட்டார்கள்.

அன்று மாலை கதையை முதலில் எங்களுக்குள் வாசித்துப் பார்த்துக்கொண்டோம். இரவில் நிறுத்தி நிதானமாக வாசித்தோம். குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். ஆறு விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்று பார்க்க ஒருவன் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைக்கிறான். அது சீறிப் புகைந்ததும் அலறி ஓடுகிறான். “நம்ம காவேரிய வந்து பாக்கச் சொல்லு அவனை!” என்று அப்பாயி சிரித்தார்கள். ஒருவழியாக அக்கரை சேர்ந்தபின் எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஐந்து பேர்தான் இருக்கிறார்கள். ஆறு ஒருவனை விழுங்கிவிட்டது என்று ஒப்பாரி வைக்கிறார்கள். நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தோம்.

அப்பாயி மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். சற்றுப் பொறுத்து, “தன்னை எண்ணாம விட்டவன் முட்டாளுன்னு எழுதியிருக்கு. வூட்ல எல்லாருக்கும் சோத்தைப் போட்டுட்டுத் தன் தட்டை எண்ணாம விட்ட பொம்பளைங்க எத்தனை பேரு கண்ணு! பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வூட்டுப் பிள்ளைங்கள எண்ணினப்போ என்னையும் யாரும் எண்ணலையே” என்றார்கள். தங்கை எழுந்து போய் அவர்கள் மடியில் தலை வைத்துக்கொண்டாள். அந்தக் கதையைப் பலமுறை படித்தும் எங்களுக்குத் தோன்றாத பொருள் அது. எழுத்தறியாத ஒருவர் அதைக் காதால் கேட்டே கண்டுகொண்டார்.

தோழியரே, வாசித்துக் காட்டுவதற்கு நாங்கள் கற்றுக்கொண்ட முறைகள் இவை: முதலில் கதையைத் தனியே ஒருமுறை படித்துக்கொள்க. குறில் நெடிலையும் ல, ள, ழ வேறுபாட்டையும் திருத்தமாக ஒலிக்க. கேட்பவர் சிரிக்கும்போது நிறுத்துக. “திரும்பச் சொல்லு” என்றால் சலித்துக்கொள்ளாதீர்கள். கதை முடிந்ததும் உடனே புத்தகத்தை மூடி எழுந்துவிடாதீர்கள். கேட்டவர் பேசும் நேரம் அதுதான். இன்று கைப்பேசியிலும் கதை வாசிக்கும் குரல்கள் உண்டு. ஆனால் அப்பாயி பேசியபோது அந்தக் குரல் நின்று கேட்டிருக்குமா?

நாம் கற்ற எழுத்து நமக்கு மட்டும் உரியதன்று. பள்ளி செல்ல இயலாமற்போனவர்களுக்கு அதில் ஒரு பங்கு உண்டு. அதை நாளும் கால்மணி நேரம் வாசித்துக் கொடுத்துவிடலாம். எங்கள் திண்ணையில் இப்போது குதிரை முட்டை வாங்கிய கதை நடக்கிறது. விளக்கேற்றியதும் அப்பாயியே முதலில் வந்து அமர்ந்து, “எல்லாரும் வந்தாச்சா?” என்று எண்ணுகிறார்கள். தம்மையும் சேர்த்தே எண்ணுகிறார்கள்.