கணினி கற்போம்: ஒரு ஃபைல் அடம் பிடித்தால் மற்றதெல்லாம் நிற்கலாமா?



நம் வாரக் கூட்டத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். இருபது பேர் உள்ள குழு. சேமிப்பு வசூல் நடக்கிறது. ஏழாவது உறுப்பினர் வரவில்லை. "அவ வந்தாத்தான் அடுத்தவகிட்ட வாங்குவேன்" என்று ஊக்குநர் உட்கார்ந்து விடுவாரா? மாட்டார். மற்ற பத்தொன்பது பேரிடமும் வாங்கிவிட்டு, ஏழாவது பெயருக்கு நேரே 'நிலுவை' என்று எழுதிக்கொள்வார். கூட்டம் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய் விசாரிப்பார்.

கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான ஃபைல்களைக் காப்பி செய்வதற்கும் இதே முறைதான். இதை நாங்கள் பட்டுத்தான் கற்றுக்கொண்டோம்.

நாங்கள் பட்ட பாடு

நம் கூட்டமைப்பு அலுவலகத்தின் பழைய கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோக ஆரம்பித்தது. தீர்மான நகல், கடன் விண்ணப்பம், காப்பீட்டு வாரிசுப் படிவம் என்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அதில்தான் வைத்திருந்தோம். புதிய கம்ப்யூட்டர் வாங்கியதும், மொத்தத்தையும் ஹார்டு டிஸ்கில் ஏற்ற மாலை ஆறு மணிக்குக் காப்பி போட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

காலையில் வந்து பார்த்தால் பாதியிலேயே நிற்கிறது! ஏதோ ஒரு ஃபைலை எடுக்க முடியவில்லை, 'மறுபடி முயலவா, விட்டுவிடவா' என்று திரையில் ஒரு கேள்வி. பதில் சொல்ல ஆள் இல்லாததால் ராத்திரி முழுக்க அப்படியே காத்திருந்திருக்கிறது. அவசரத்தில் 'எல்லாவற்றுக்கும் இதையே செய்' என்ற கட்டத்தில் டிக் போட்டு, 'ஸ்கிப்' அழுத்தினோம். வேலை முடிந்தது. எது விட்டுப்போனது என்று குறித்து வைக்கவில்லை. பழைய பெட்டியையும் கழித்துக் கட்டினோம்.

மூன்று மாதம் கழித்து ஒரு சகோதரி கணவரை இழந்து, காப்பீட்டுக்காக வந்து நின்றார். அவருடைய படிவம் விட்டுப்போன ஃபைல்களில் ஒன்று. "நீங்கதானே பத்திரமா வச்சிருக்கோம்னு சொன்னீங்க?" என்று அவர் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. வேறு இடத்தில் நகல் கிடைக்க இரண்டு மாதம் அலைந்தோம்.

ஆகவே பாடம் இரண்டு. ஒரு ஃபைலுக்காக மொத்த வேலையும் நிற்கக் கூடாது. நின்றுபோன ஃபைல் எது என்று எழுதாமலும் விடக் கூடாது.

ஏன் நின்றுபோகிறது?

1. ஃபைல் திறந்திருக்கும். வேறொருவர் அதில் வேலை செய்துகொண்டிருந்தால் பூட்டிக்கொள்ளும். காப்பி ஆனாலும், கடைசியாக சேவ் செய்தது வரைதான் வரும். எல்லாவற்றையும் மூடிவிட்டு ஆரம்பியுங்கள்.

2. பெயர் நீளமாக இருக்கும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று போய், மொத்த முகவரியும் 260 எழுத்தைத் தாண்டினால் விண்டோஸில் சிக்கல் வரும். பெயரைச் சின்னதாக வையுங்கள்.

3. ஃபைல் பெரிதாக இருக்கும். பல பென் டிரைவ்கள் 'ஃபேட் 32' என்ற அமைப்பில் இருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. ஆண்டு விழா வீடியோ இப்படித்தான் நின்றுபோகும்.

4. இடம் போதாது. முதலிலேயே ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து, 'பிராப்பர்டீஸ்' பார்த்து அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபைல் எண்ணிக்கையையும் நோட்டில் எழுதுங்கள்.

5. டிஸ்கே பழுதாகி இருக்கும். 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் திரும்பத் திரும்ப முயல வேண்டாம். உடனே நிறுத்தி, விஷயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

நிலுவை எழுதும் கருவி

விண்டோஸுக்குள்ளேயே 'ரோபோகாப்பி' என்று ஒரு கருவி இருக்கிறது. 2007-ல் வந்த விஸ்டா முதல் கூடவே வருகிறது. காசு கிடையாது. ஸ்டார்ட்டில் சி, எம், டி என்ற மூன்று எழுத்தை அடித்து என்டர் தட்டினால் கறுப்புத் திரை வரும். அதில் கீழே உள்ள வரியை ஆங்கில எழுத்தில், இடைவெளி மாறாமல் அடிக்க வேண்டும்:

ரோபோகாப்பி டி:\குழு எஃப்:\குழு /இ /ஆர்:1 /டபிள்யூ:1 /யூனிலாக்:எஃப்:\நிலுவை.டிஎக்ஸ்டி

பயப்பட வேண்டாம், ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் வருவது எங்கிருந்து, அடுத்தது எங்கே. டி, எஃப் என்பவை டிஸ்கின் எழுத்துகள். உங்கள் கம்ப்யூட்டரில் அவை மாறலாம், பார்த்துப் போடுங்கள். 'இ' என்றால் உள்ளே இருக்கும் எல்லா ஃபோல்டரையும் சேர்த்து. 'ஆர்:1' என்றால் வராத ஃபைலை இன்னும் ஒரு தடவை மட்டும் முயன்று பார். 'டபிள்யூ:1' என்றால் அதற்கு ஒரு நொடி காத்திரு.

இந்த இரண்டையும் மறக்கவே கூடாது. சொல்லாவிட்டால் ரோபோகாப்பி தானாக 10 லட்சம் தடவை முயலும், ஒவ்வொரு தடவையும் 30 நொடி காத்திருக்கும். கணக்குப் போட்டால் ஒரே ஃபைலுக்கு 347 நாள்! வராத ஒருத்தி வீட்டு வாசலில் வருடம் முழுக்க உட்கார்ந்த கதைதான்.

கடைசியில் வரும் 'யூனிலாக்' நமக்கு நிலுவைப் பட்டியல் எழுதித் தரும். தமிழில் பெயர் வைத்த ஃபைல்களும் அதில் தமிழிலேயே தெரியும். வேலை நடக்கும்போது திரையில் ஒன்றும் ஓடாது. நின்றுபோச்சோ என்று மூடிவிடாதீர்கள். கம்ப்யூட்டர் தூங்கிப்போகாமல் 'ஸ்லீப்' அமைப்பையும் நிறுத்தி வையுங்கள்.

முடிந்தபின் என்ன செய்வது?

நிலுவை ஃபைலைத் திறந்து கடைசிக்குப் போங்கள். ஒரு அட்டவணை இருக்கும். 'ஃபைல்ஸ்' என்ற வரிசையில் 'ஃபெயில்டு' என்ற கட்டத்துக்குக் கீழே பூஜ்யம் என்றால் நிம்மதி. எண் இருந்தால் அத்தனை ஃபைல் நிலுவை. மேலே 'எரர்' என்ற சொல்லைத் தேடினால் எந்த ஃபைல், என்ன காரணம் என்று கிடைக்கும். காரணத்தைச் சரி செய்துவிட்டு அதே வரியை மறுபடி போடுங்கள். ஏற்கெனவே ஏறியதை 'ஸ்கிப்டு' என்று விட்டுவிட்டு, மீதியை மட்டும் எடுக்கும். நடுவில் கரண்ட் போனாலும் இதே வழிதான். பென் டிரைவில் ஏற்றுவதாக இருந்தால் வரியில் '/எஃப்எஃப்டி' என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நேரக் கணக்கு ஒத்துப்போகாமல், ஏறியதையே மறுபடி ஏற்றக்கூடும்.

ஒரு எச்சரிக்கை. யாராவது எம்-ஐ-ஆர் என்ற மூன்றெழுத்தையும் சேர்க்கச் சொன்னால், தெரியாமல் சேர்க்காதீர்கள். பழைய இடத்தில் இல்லாத ஃபைல்களைப் புதிய இடத்திலிருந்து அது அழித்துவிடும்.

நினைவில் வைக்க வேண்டியவை

• முன்பு எழுதி வைத்த எண்ணிக்கையோடு புதிய இடத்தின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். ரொக்கத்தை எண்ணிப் பேரேட்டோடு பார்ப்பது போலத்தான் இது.
• எண்ணிக்கை சரியாக இருந்தாலும், அங்கொன்று இங்கொன்றாகப் பத்து ஃபைலைத் திறந்து பாருங்கள்.
• 'எஜெக்ட்' கொடுத்த பிறகே டிஸ்கைக் கழற்றுங்கள்.
• நிலுவை பூஜ்யம் ஆகும் வரை பழைய கம்ப்யூட்டரை விற்காதீர்கள், அழிக்காதீர்கள்.
• நகல் ஒரே இடத்தில் வேண்டாம். ஒன்று அலுவலகத்தில், இன்னொன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும்.

அடுத்த கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

1. நம் குழுவின் காகிதங்கள் எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கின்றன? நகல் இருக்கிறதா?
2. கடைசியாகக் காப்பி எடுத்தபோது விட்டுப்போனது எது என்று யாருக்காவது தெரியுமா?
3. இந்தப் பொறுப்பை யார் எடுத்துக்கொள்வது? தீர்மானப் புத்தகத்தில் எழுதினீர்களா?

அந்தச் சகோதரிக்குக் கடைசியில் பணம் கிடைத்தது. ஆனால் அந்த இரண்டு மாத அலைச்சலை நாங்கள் திருப்பிக் கொடுக்க முடியாது. உங்கள் குழுவில் யாருக்கும் அந்த அலைச்சல் வர வேண்டாம், சகோதரிகளே!