கார்த்தேஜ் சிறையில் ஒரு தாய்

அன்புள்ள தம்பிக்கு,

ஆதிக் கிறிஸ்தவர்களின் விசுவாசத்தில் அப்படி என்ன வேகம் இருந்தது என்று கேட்டிருந்தாய். பெர்பெத்துவாவைப் பற்றிச் சொல்கிறேன், கேள்.

கி.பி. 203. இன்றைய துனிசியாவில், அன்று ரோமர் ஆட்சியில் இருந்த கார்த்தேஜ் நகரம். பெர்பெத்துவாவுக்கு 22 வயது. நல்ல குடும்பத்தில் பிறந்து படித்தவள். கையில் பால்குடிக் குழந்தை. ஞானஸ்நானத்துக்காக வேதம் கற்றுவந்தபோது வேறு சிலரோடு பிடிபட்டாள். காவலில் இருந்தபடியே ஞானஸ்நானம் பெற்றாள். சிறையில் நடந்ததை அவளே எழுதியும் வைத்தாள்.

அந்தக் குறிப்பில் எதையும் ஒளிக்கவில்லை. சிறையின் இருட்டு பயமுறுத்தியது, நெரிசலில் வெக்கை தாங்கவில்லை, பிள்ளையை நினைத்து மனம் பதைத்தது என்கிறாள். திருத்தொண்டர்கள் இருவர் காவலருக்குப் பணம் கொடுத்து, கைதிகளைச் சில மணிநேரம் நல்ல இடத்துக்கு மாற்றினார்கள். பசியில் துவண்டிருந்த குழந்தைக்கு அங்கேதான் பால் கொடுத்தாள்.

நரைத்த தகப்பன் வந்து காலில் விழுந்தார். விசாரணையில் அதிகாரி ஹிலாரியானுஸ் கேட்டது ஒன்றுதான்: பேரரசரின் நலனுக்காக ஒரு பலி. மறுத்தாள். அவள் கண்ணெதிரே தகப்பனுக்குப் பிரம்படி விழுந்தது. தன்னையே அடித்ததுபோல் துடித்தாள். சொல் மட்டும் மாறவில்லை.

அதே சிறையில் பெலிசித்தா என்ற அடிமைப் பெண், எட்டு மாதக் கர்ப்பிணி. கர்ப்பிணிகளைக் கொல்ல ரோமச் சட்டம் விடாது. அதனால் தோழர்களைப் பிரிந்துவிடுவோமோ என்பதுதான் அவள் கவலை! எல்லோரும் ஜெபித்தார்கள். சிறையிலேயே பெண் குழந்தை பிறந்தது. சபையைச் சேர்ந்த ஒருத்தி அதைத் தன் மகளாக வளர்த்தாள். மார்ச் 7 அன்று இருவரையும் அரங்கத்தில் விட்டார்கள். மூர்க்கமான பசு முட்டித் தள்ளியது. பெர்பெத்துவா எழுந்துபோய், விழுந்து கிடந்த அந்த அடிமைப் பெண்ணைக் கைகொடுத்துத் தூக்கினாள். பிறகு வாள்.

எல்லோரும் இப்படி நின்றார்கள் என்று எண்ணிவிடாதே. 250-இல் பலியிட்டுச் சான்றுச் சீட்டு வாங்கும்படி பேரரசர் தேசியுஸ் ஆணையிட்டார். பயந்து பணிந்தவர்கள் ஏராளம்.

அரங்கத்தில் மட்டும் அந்த விசுவாசத்தைத் தேடினால் பாதிதான் தெரியும். அலெக்சாந்திரியாவில் கொள்ளைநோய் பரவியபோது, நோயாளிகளைத் தொட்டுப் பராமரித்து அதனாலேயே இறந்த கிறிஸ்தவர்களைப் பற்றி அவ்வூர் ஆயர் தியோனீசியுஸ் எழுதியிருக்கிறார். 251 வாக்கில் ரோமைச் சபை 1,500-க்கும் மேற்பட்ட விதவைகளையும் ஏழைகளையும் தாங்கிவந்தது. சாகத் துணிந்ததைவிட இதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பெர்பெத்துவாவின் குறிப்பு சில பக்கங்கள்தான். தேடிப் படி, படித்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்